முழுக்கத் தெரியேல்லை

கள்ளப்பாடு,
முல்லைத்தீவு.
17.05.2026

ரொறன்ரோவில் இருக்கும் ஸ்ரீபன் அண்ணாவுக்கு, தம்பி கொலின்ஸ் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம், அங்கே உங்கள் சுகமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போகிறது. அப்படி எழுதினால் பொய். அம்மா சுகம், நான் சுகம். அப்பா சுகமில்லை. நீங்கள் கேட்டது ரீவியைப் பற்றி என்றபடியால் ரீவியிலிருந்தே வருகிறேன். கடைசிவரை வாசியுங்கள்.

ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். வட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுகிறீர்கள். குரல் பதிவு அனுப்பினால் வேகத்தைக் கூட்டிவைத்துக் கேட்கிறீர்கள். நான் அணில் மாதிரிக் கதைக்கிறேன் என்று அண்ணி சிரித்ததும் எனக்குத் தெரியும். நீங்கள் நேரே அழைத்தால் இங்கே போன் அப்பாவின் கையில் இருக்கும். அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த இமெயில். ஓரிடத்தில் இருந்து வாசியுங்கள், பஸ்ஸில் நின்றுகொண்டு வேண்டாம்.

நீங்கள் சொன்னது இதுதான்: எண்பத்தைந்து அங்குலம், ஓலெட் அல்லது அதற்கு மேல், 120 ஹேர்ட்ஸ், கேம் விளையாட எல்லா வசதியும் வேண்டும். "நீ எலெக்ரோனிக்ஸ் படிச்சனி, திறமானதா ஒண்டைத் தெரிஞ்சு சொல்லு. அப்பா உலகக் கிண்ணத்தைப் பெரிசாப் பாக்கட்டும், நீயும் நானும் ஒன்லைனிலை பந்தடிப்பம்" என்றீர்கள். கொழும்புக் கடையில் 28ஆம் திகதி கொண்டுவந்து இறக்கச் சொல்லி நாளும் குறித்துவிட்டீர்கள். மொடல் மட்டும் நான் சொல்ல வேண்டும்.

சரி, படித்தவனாகவே சொல்கிறேன். நம்முடைய வீடு வீட்டுத்திட்டத்தில் கட்டின வீடு. நீங்கள் அனுப்பின காசில் மாபிள் பதித்ததால் அது பெரிதாகிவிடவில்லை. எண்பத்தைந்தைச் சுவரில் மாட்டினால் அறைக்கதவு முழுதாகத் திறக்காது. மத்தியானத்தில் கடல் பக்க ஜன்னலால் வருகிற வெளிச்சத்துக்கு அந்தப் பளபளத்த ஓலெட்டில் படம் தெரியாது, ஜன்னலும் தென்னையும்தான் தெரியும். இந்த வெயிலுக்கு மினி எல்.ஈ.டி.தான் சரி, அதுவும் கண்ணாடி மினுங்காத வகை. அடுத்தது உப்புக்காற்று. போன கிழமை கோயிலடியில் ஒருவருடைய ரீவியைத் திறந்தேன். வாங்கி இரண்டு வருடமும் ஆகவில்லை, உள்ளே இருக்கிற போர்ட்டின் கால்களெல்லாம் பச்சைப் பாசி பிடித்தமாதிரி. ஐஸ் கொம்பனிக்காரன் மெஷினைப் போட்டால் இந்த ரோட்டு முழுக்க கரண்ட் இறங்கும், நிறுத்தினால் ஏறும். இதையெல்லாம் கடைக்காரன் சொல்லமாட்டான். கேம் என்றால் 120 ஹேர்ட்ஸ் நல்லதுதான், ஆனால் அது ரீவிக்குள் ஓடுகிற வேகம். ரொறன்ரோவில் நீங்கள் உதைக்கிற பந்து இங்கே வந்துசேர்வதற்குள் கோல் காக்கிற என் கோலி ஒரு பக்கம் பாய்ந்து எழும்பி மண்ணும் தட்டிவிடுவான். எந்த விலையுள்ள ரீவியும் அந்தத் தூரத்தைக் குறைக்காது.

இவ்வளவுதான் பிரச்சினை என்றால், ஐம்பத்தைந்து அங்குல மினி எல்.ஈ.டி. ஒன்றை எழுதித் தந்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். நான் சொல்லப்போவது அதில்லை. முப்பத்திரண்டுக்கு மேல் இந்த வீட்டுக்கு ஒரு அங்குலமும் வேண்டாம். இப்போதைக்கு அதுவும் வேண்டாம்.

இந்த ரீவிக் கதை எப்படித் தொடங்கியது என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நீங்கள் வீடியோவில் அழைப்பீர்கள். அப்பா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "முழுக்கத் தெரியேல்லை மோனை" என்பார். நீங்கள் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவருவீர்கள். "இப்பவும் முழுக்கத் தெரியேல்லை" என்பார். இன்னும் கிட்ட. பிறகு பெரிய போன் ஒன்று அனுப்பினீர்கள். அதிலும் அதே கதைதான். உடனே நீங்களாகவே முடிவெடுத்துவிட்டீர்கள், ஸ்கிரீன் சின்னன், பெரிதாக வாங்கினால் சரி என்று. இவ்வளவு மாதத்தில் ஒரு நாள், ஒரேயொரு நாள், "என்ன தெரியேல்லை அப்பா, எந்தப் பக்கம் தெரியேல்லை?" என்று கேட்டீர்களா? நான் ஒரு ரேடியோவைத் திருத்தக் கொண்டுவருகிறவனிடம்கூட இரண்டு கேள்வி கேட்பேன்.

அம்மா ஒரு நாள், "அவருக்குக் கண்ணிலை பூ விழுந்திருக்கு போலை" என்று உங்களிடம் சொன்னா. நானும் பக்கத்தில் நின்றேன். நீங்கள் ஸ்பீக்கரில், "கற்றராக் எண்டா அவசரமில்லை அப்பா, முத்தட்டும். நல்லா முத்தினாப் பிறகு வெட்டினாத்தான் லேசு" என்றீர்கள். உங்களோடு வேலைசெய்கிற யாரோ சொன்னாராம். அந்த ஒரு சொல்லை அப்பா பிடித்துக்கொண்டார். முத்தட்டும். நான் சொன்னாலும் அதுதான் பதில், அம்மா சொன்னாலும் அதுதான் பதில். சுவாமியார் பிரசங்கத்தில் சொல்வதை மறுநாளே மறந்துவிடுகிற மனிசனுக்கு, கனடாவிலிருந்து வந்த அந்தச் சொல் மட்டும் மறக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் கட்டளைப்படி அவரைக் கிளிநொச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன், ரீவியின் அளவைக் கண்ணால் பார்க்கட்டும் என்று. பெரிய கடை. ஏசி குளிரில் அப்பா சட்டைப் பொத்தானை மேலேவரை பூட்டிக்கொண்டு நின்றார். எண்பத்தைந்து அங்குலத்தில் பந்தாட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கடைப் பெடியன் சும்மா சொல்லக்கூடாது, நல்ல வாய்க்காரன். "ஐயா, இதிலை பாத்தா மைதானத்துக்குள்ளை நிக்கிறமாதிரி இருக்கும்" என்றான். அதற்கு அப்பா, "மைதானத்துக்குள்ளை கன வருசம் நிண்டனான் தம்பி, ஊருக்குக் கோல் காத்தனான். அப்ப பந்து தெரிஞ்சது. உம்மடை ரீவியிலை பந்து எங்கை?" என்று கேட்டார். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகுதான் அப்பாவின் தலையைப் பார்த்தேன். இருட்டில் ரோர்ச் அடித்துத் தேடுகிறவர்மாதிரி ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்குத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து நடுவில்தான் நின்றது.

அவன் எங்களை அறுபத்தைந்துக்குக் கூட்டிப்போனான். அங்கேயும் அதேதான். பெரிதுதான் பிடிக்கவில்லை போல என்று அவன் வேறு நிறம், வேறு வெளிச்சம் எல்லாம் மாற்றிப் பார்த்தான். அப்பா சலித்துப்போய்த் திரும்பினார். கடையின் மறு கோடியில், காசாளருடைய மேசைக்கு மேலே சின்ன ரீவி ஒன்று, கையகலம்தான் இருக்கும், அதே ஆட்டம் அதிலும் ஓடிக்கொண்டிருந்தது. இங்கிருந்தபடியே கையை நீட்டி, "அந்தா, அதிலை எல்லாம் வடிவாத் தெரியுது. கோலி பிழையான பக்கத்திலை நிக்கிறான், இப்ப விழும் பார்" என்றார். கோல் விழுந்தது. கடைப் பெடியன் என்னைப் பார்த்து, "ஐயா பகிடிக்காரர்" என்றான்.

எனக்குப் பகிடியாக இருக்கவில்லை. பெரிதாகக் காட்டினால் தெரியாது, தூரத்தில் சின்னதாகக் காட்டினால் தெரிகிறது என்றால் பிழை ஸ்கிரீனில் இல்லை என்பது அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அவருக்குப் பக்கத்தில் போய் நின்று, அவருடைய காதுக்கு நேரே விரலை ஆட்டிக்கொண்டு மெல்ல மெல்ல முன்னுக்குக் கொண்டுவந்தேன். உங்களுக்கும் எனக்கும் என்றால் காதைத் தாண்டின உடனேயே தெரியும். அவருக்கு மூக்குக்குக் கிட்ட வரும்வரை தெரியவில்லை. தெரிந்ததும், "என்னடா, ஈ கலைக்கிறியோ?" என்றார். மற்றப் பக்கமும் அப்படித்தான்.

ரீவி பார்க்க வந்தவரை அப்படியே கண் டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வழி முழுக்க என்னை ஏசிக்கொண்டு வந்தார். அந்த டொக்டர் அம்மா நல்லவா, ஒளிக்காமல் சொன்னா. பூவும் இல்லை, கற்றராக் என்கிற கண்புரையும் இல்லை. கண்ணுக்குள் அமுக்கம் கூடி, கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு செத்துக்கொண்டு வருகிறது. குளுக்கோமா என்கிற வருத்தம். ஓரத்திலிருந்து தொடங்கி நடுவுக்கு வரும். இப்போது அவர் இரண்டு கண்ணாலும் ஒரு குழாய்க்குள்ளால்தான் பார்க்கிறார். செத்த நரம்பு திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம். சொட்டு மருந்து போதாது, வெட்ட வேண்டும், பிந்தக் கூடாது என்று சொல்லி, யாழ்ப்பாணத்தில் நாளும் எடுத்துத் தந்தா. 28ஆம் திகதி, வியாழக்கிழமை. உங்கள் ரீவி வருகிற அதே நாள்.

இப்போது விளங்குகிறதா உங்களுக்கு? குழாய்க்குள்ளால் பார்க்கிற மனிசனுக்குப் படத்தைப் பெரிதாக்கினால் அவர் அதில் ஒரு துண்டைத்தான் காண்பார். நீங்கள் போனை எவ்வளவு கிட்டக் கொண்டுவந்தீர்களோ அவ்வளவுக்கு உங்களைக் குறைவாகக் கண்டார். ஒரு வருடமாக அவர் பார்த்தது உங்கள் மூக்கை. அவர் சரியாகத்தான் சொன்னார், 'முழுக்க' என்றார். அந்தச் சொல்லை நீங்கள் கேட்கவில்லை. உங்கள் காதில் 'தெரியேல்லை' மட்டும்தான் விழுந்தது, உடனே கடைக்குப் போய்விட்டீர்கள்.

வருத்தத்தின் பெயர் தெரிந்துவிட்டது, இனி வழிக்கு வருவார் என்றுதான் நினைத்தேன். வருகிற வழியில் பஸ்ஸிலேயே தொடங்கிவிட்டார். "டொக்டர் சின்னப் பிள்ளை, அவவுக்கு என்ன தெரியும்? மூத்தவன் முத்தட்டும் எண்டு சொன்னவன். நீ ரீவி திருத்து, கண்ணைத் திருத்தாதை" என்றார். முத்துகிறது கற்றராக், இது அதில்லை, இது முத்தினால் இருட்டு என்று பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன். "அமுக்கம் எண்டா பிரஷர்தானே, உப்பைக் குறைச்சாச் சரி" என்றார். வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது, "கடலுக்கை நிண்டுகொண்டு எந்த உப்பைக் குறைக்கப்போறார்?" என்று கேட்டா. அம்மாவுக்கு அது மட்டும்தான் கேட்கத் தெரியும். உங்களுக்குச் சொல்லச் சொன்னால், "அவன் பனிக்குள்ளை நிண்டு உழைக்கிற பிள்ளை, அவனை ஏன் குழப்புவான்?" என்கிறா. உங்களைக் குழப்பக்கூடாது என்று இந்த வீட்டில் எவ்வளவை மூடி வைக்கிறோம் தெரியுமா? எனக்கு அலுத்துப்போய்விட்டது.

அவர் ஏன் மறுக்கிறார் என்று எனக்குத் தெரியும். வெட்டினால் கன நாளைக்குக் கடல் தண்ணீர் கண்ணில் படக்கூடாது. அதற்குப் பிறகும் வள்ளத்து எஞ்சின் பிடிக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டா. கடல் தொழிலுக்குப் போகாத எங்கள் அப்பா ஸ்ரனிஸ்லஸ் எப்படி இருப்பார் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அதனால் காலை வெள்ளாப்பில் இப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கிறார். அவரோடு போகிற ரஜிதன் அண்ணை வெள்ளிக்கிழமை என்னைக் கடற்கரை வாடியடிக்குக் கூப்பிட்டார். கரைக்குத் திரும்பி வரும்போது இடது பக்கத்தால் ஒரு வள்ளம் வந்திருக்கிறது. அப்பா நேரே பார்த்தபடி விட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ரஜிதன் அண்ணை பாய்ந்து கையைத் தட்டி எஞ்சினைத் திருப்பியதால் விளிம்பு மட்டும் உரஞ்சிப் போனதாம். அப்பா மற்றவனைத்தான் ஏசினாராம், கண் தெரியாமல் ஓட்டுகிறான் என்று. "தம்பி, கொப்பர் நல்ல மனிசன், நான் அவரிட்டைத்தான் தொழில் பழகினனான். ஆனா எனக்கும் பிள்ளையள் இருக்கு. இந்தக் கிழமை முடிஞ்சா இனி நான் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டார். ரஜிதன் அண்ணை வராவிட்டால் அப்பா நிற்பார் என்று நினைக்கிறீர்களா? தனியப் போவார்.

அதோடு உங்கள் ரீவி. கடற்கரை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார், "என்ரை மூத்தவன் சுவரளவு ரீவி அனுப்புறான், வந்து பாருங்கோ" என்று. நேற்று நான் 28ஆம் திகதியைப் பற்றிக் கதை எடுத்ததும், "அண்டைக்கு ரீவி வருது, ஆம்பிளை ஒராள் வீட்டிலை நிக்கவேணும். அது வந்தா எல்லாம் தெரியும், பிறகென்னத்துக்கு வெட்டு?" என்றார். எனக்கு ஆத்திரம் வந்து, "வந்தால் நானே அதை உடைப்பன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். சும்மா சொல்லவில்லை. வந்தால் உடைப்பேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம். நீங்கள் கெட்டவர் என்பதற்காக இல்லை. எதற்கும் ஒரு பெட்டி அனுப்பிச் சமாளிக்கலாம் என்று நினைக்கிறீர்கள், அதுதான் கோபம். அம்மாவுக்கு முழங்கால் நோ என்றால் மசாஜ் மெஷின். எனக்கு இங்கே தனியாக இருக்கிறது என்றால் கேம். மெஷின் அலுமாரிக்கு மேல் கிடக்கிறது, அம்மா வேப்பெண்ணெய்தான் பூசுகிறா. நீங்கள் அனுப்புகிறதெல்லாம் எங்கள்மேலுள்ள அன்பில்தான் வருகிறது என்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்க மட்டும் உங்களுக்கு நேரம் வருவதில்லை.

வாருங்கள் என்று இந்தக் கடிதத்தில் கேட்கமாட்டேன். கேட்டால் லீவு, பிள்ளை கம்சாவின் பள்ளிக்கூடம், விமானச் சீட்டு என்று உங்களிடம் பதில் தயாராக இருக்கும். அடுத்த மாதம் உங்கள் ஊர் மைதானத்தில் உலகக் கிண்ண ஆட்டம் பார்க்கச் சீட்டும் எடுத்துவிட்டீர்கள், அப்பாவுக்கு அதில் பெருமைதான்.

நான் கேட்பது இதுதான். கொழும்புக் கடைக்கு இன்றைக்கே அறிவித்து ஓடரை நிறுத்துங்கள். பிறகு அப்பாவுக்கு எடுங்கள். நான் எழுதியதாகச் சொல்லவேண்டாம். வள்ளத்தைப் பற்றி ஒன்றும் கதைக்க வேண்டாம், அதை விற்கிறதா, ரஜிதன் அண்ணையிடம் கொடுக்கிறதா என்பதை இங்கே நின்று நான் பார்த்துக்கொள்கிறேன். அவரோடு சண்டை பிடிக்க நான் இருக்கிறேன். நீங்கள் சொல்ல வேண்டியது, "முத்தட்டும் எண்டு நான் சொன்னது பிழை அப்பா. 28ஆம் திகதி கொலின்ஸோடை போய் வெட்டுங்கோ" என்பது மட்டும்தான். நான் இதை நூறு தரம் சொல்லிவிட்டேன். என் வாயிலிருந்து வந்தால் அது இளையவனின் வாய்க்கொழுப்பு. நீங்கள் ஒருக்கால் சொன்னால் அவர் சாரத்தைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்து நிற்பார். அது நியாயமில்லை, ஆனால் இந்த வீட்டில் அப்படித்தான் இருக்கிறது. எனக்கு இப்போது நியாயம் வேண்டாம், அவருடைய கண்தான் வேண்டும்.

சொல்லும்போது வழமைபோல போனைக் கையில் பிடிக்காதீர்கள். மேசையில் சாத்தி வைத்துவிட்டுப் பின்னால் போங்கள், சுவரில் முதுகு முட்டும்வரை. லைற்றைப் போடுங்கள். அண்ணியையும் கம்சாவையும் கூப்பிட்டு, தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நில்லுங்கள், ஒருவரும் விலகி நிற்கவேண்டாம். சத்தம் போட்டுக் கதையுங்கள், காது அவருக்கு நன்றாகக் கேட்கும். அண்ணி இது என்ன கூத்து என்று கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

உங்களுக்கு அங்கே நல்ல சுகத்தையும், தூரம் பார்க்கும் கண்ணையும் மாதா தரட்டும். பிள்ளைக்கு என் முத்தம்.

சொல்லி முடித்ததும் அப்பா மறுமொழி சொல்லாமல் இருக்கக்கூடும். லைன் வெட்டிப்போட்டுது என்று நினைத்துப் போனை வைத்துவிடாதீர்கள் அண்ணா. அவர் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படியே கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

இப்படிக்கு,
ஆத்திரம் இன்னும் ஆறாத உங்கள் தம்பி
கொலின்ஸ்